நார்மலாக ஒரு ஆள் தேவை

காலை ஏழு நாற்பதுக்கு என் தம்பி போன் செய்தான். குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. மகள் கூடத்தில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டுக்குப் பழுப்பு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்குக் கடைசிச் செய்முறைத் தேர்வு.

"அக்கா, இன்னைக்கு நான் வர முடியாது போலருக்கே" என்றான்.

"டேய், விளையாடாத. ஒம்பதரைக்கு அங்க இருக்கணும்."

"இல்லக்கா, வயித்தால போகுது."

அவனுக்குப் பின்னாலிருந்து அவன் மனைவியின் குரல் கேட்டது. "எதுக்கு வயித்து மேல பழியப் போடுறீக? நான்தான் போகக் கூடாதுன்னு சொன்னேன்னு சொல்லுங்க." போன் கை மாறியது. "மதினி, கோவிச்சுக்கிராதீக. வெள்ளிக்கெழம மூத்தவளுக்குப் பூ வைக்க வாராக. இந்த நேரத்துல பொண்ணோட அப்பன் சைக்காலஜி டெஸ்ட்டுக்கு உக்காந்தாருன்னு ஒரு சொல்லு வெளிய போச்சுன்னா, குடும்பத்துலயே கிறுக்கு ஓடுதான்னு கேப்பாக. அதுக்கு நீங்க வந்து பதில் சொல்வீகளா?"

"இது பரீட்சைம்மா. அவனுக்கு வைத்தியம் பாக்கல."

"எதிர் வீட்டுப் புள்ளைக்கும் இதத்தான சொன்னீக?"

போன் அணைந்தது. திரும்ப அழைத்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. அடுத்த முறை மணியும் போகவில்லை.

மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அட்டையின் கடைசி மடிப்பை நகத்தால் அழுத்திக்கொண்டே, "மாமா வரலைல்ல?" என்றாள். அவள் குரலில் ஆச்சரியம் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

உளவியல் படிக்காத வீடுகளில் இருப்பவர்களுக்கு இது புரியாது. வேதியியல் மாணவிக்குத் தேர்வறையில் உப்பைக் கல்லூரி கொடுக்கும். தாவரவியல் மாணவிக்கு இலையைக் கொடுக்கும். உளவியல் மாணவி மட்டும் மனுஷனைத் தானே கூட்டிக்கொண்டு வர வேண்டும். அந்த ஆளுக்கு 'சப்ஜெக்ட்' என்று பெயர். சீட்டெடுத்து எந்தச் சோதனை வருகிறதோ அதை அந்த ஆளுக்கு நடத்தி, முடிவு எழுதி, வெளியூரிலிருந்து வரும் தேர்வாளரிடம் விளக்க வேண்டும். சப்ஜெக்ட் இல்லையென்றால் தேர்வு இல்லை. வருகைப் பதிவில் பிள்ளை 'வரவில்லை' என்றே ஏறும், பிள்ளை அங்கேயே நின்றுகொண்டிருந்தாலும்.

யாரை வேண்டுமானாலும் கூட்டிப்போக முடியாது. பெற்றவர்களும் கூடப் பிறந்தவர்களும் கூடாது. அந்தக் கல்லூரியில் படிப்பவர்கள் கூடாது. எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மனநலச் சிகிச்சையில் இருப்பவராக இருக்கக் கூடாது. ஒருவர் இரண்டு மாணவிகளுக்கு உட்காரக் கூடாது. முதலாண்டில் மகள் இதையெல்லாம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. "ஒரு நார்மலான ஆள் கிடைக்கிறதா கஷ்டம்?" என்று கேட்டேன். அப்போது தெருவில் ஆளுக்கு ஆள் போட்டி போட்டு வந்தார்கள். "என் மனசுல என்ன இருக்குன்னு கண்டுபிடி பாப்போம்" என்று பால்காரர்கூட வண்டியை நிறுத்திக் கேட்பார்.

எதிர் வீட்டுப் பெண்ணோடு எல்லாம் முடிந்தது. போன பருவத் தேர்வுக்கு அவள்தான் சப்ஜெக்டாக வந்தாள். கலகலப்பான பெண். போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சோதனை முடிந்ததும் என் மகள் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தாள். தெருமுனையில் இறங்கும்போதே அவள் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்: "எனக்கு எல்லாமே நார்மலாம்!" அதைக் கேட்டவர்களில் யாரோ அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்த வீட்டுக்கு அந்த வார்த்தையைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். "நார்மலான்னு எதுக்குப் பாக்கப் போனா? பாக்குற அளவுக்கு என்ன இருந்துச்சு?" என்று அங்கிருந்து கேள்வி வந்தது. சம்பந்தம் நின்றது. அவளுடைய அம்மா எங்கள் வாசலில் நின்று கத்தவில்லை, அழவும் இல்லை. என் மகளைப் பார்த்து, "ஒனக்கும் ஒரு நாளைக்கு மாப்பிள்ளை பாப்பாங்கள்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு தெருவில் எந்தக் கதவும் எங்களுக்குத் திறக்கவில்லை. தாய்மாமன் ஒருவனைத்தான் நம்பியிருந்தோம்.

அந்தத் தேர்வில் மட்டும் ஏன் இவ்வளவு நடுக்கம் என்று கேட்கலாம். காரணம் இருந்தது.

என் அப்பா காலம்வரை அடுத்தவர் வயலில் வேலை பார்த்த குடும்பம் எங்களுடையது. நான் கணக்கு ஆசிரியையானதே எங்கள் பக்கத்தில் பெரிய பேச்சு. பெண் பிள்ளை படிப்பென்றால் நர்சிங், இல்லாவிட்டால் என்னைப் போல பி.எட். இவள் பன்னிரண்டாவது முடித்ததும் உளவியல் என்றாள். என் கணவர் லாரி ஓட்டுகிறவர். ஊர் ஊராகப் போவதால் அவருக்கு எதுவும் அதிசயமில்லை. "படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு விஜயவாடா போய்விட்டார். பயப்படுகிற வேலை எனக்கு.

இரண்டாம் ஆண்டில், இந்தப் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும் என்று பெற்றோருக்குச் சொல்ல ஒரு கூட்டம் வைத்தார்கள். படித்து முடித்த பிள்ளைகள் மேடைக்கு வந்து பேசினார்கள். ஒருத்தி தனியார் பள்ளிகளில் ஆலோசகர். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பள்ளி, எந்தப் பள்ளியிலும் அவளுக்கு நாற்காலி இல்லை என்றாள். ஒருவன் சென்னையில் ஒரு கம்பெனியில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பிரிவில் இருந்தான். ஆட்களை வெளியே அனுப்புவதும் தன் வேலைதான் என்று சிரித்தான். இன்னொருத்தி உதவி கேட்டு அழைப்பவர்களிடம் தொலைபேசியில் பேசும் தொண்டு நிறுவனத்தில் இருந்தாள். நாலாவதாக ஒரு பெண் வந்து, ஆராய்ச்சியில் சேர்ந்தால் மேலே மேலே படிக்கலாம், ஆனால் அதற்கு முதலில் யாராவது ஒரு வாசலைத் திறந்துவிட வேண்டும் என்றாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அப்பா குனிந்து, "வேலை இல்லைங்கிறத நாலு விதமாச் சொல்றாங்க, கவனிச்சீங்களா டீச்சர்?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மகளுக்கு அந்த நாலாவது பெண் சொன்னதுதான் பிடித்துக்கொண்டது. அந்தக் கோடையில் கல்லூரி சொன்ன சமூக சேவைக்கென்று எல்லோரும் நகரத்துக்குள் வசதியான இடங்களைத் தேடியபோது, இவள் டி. கல்லுப்பட்டிப் பக்கம் மனநலம் பாதித்த பெண்களுக்கான ஒரு இல்லத்துக்குப் போனாள். விடுமுறை முழுவதும் அங்கேயே தங்கினாள். தலை சீவிவிட்டாள், பேன் பார்த்தாள், மாத்திரை நேரத்தில் கூட நின்றாள். மற்ற நேரமெல்லாம் அவர்கள் பேசுவதைக் கேட்டு எழுதினாள். அந்தப் பெண்கள் யாரும் 'கவலை' என்ற சொல்லையே சொல்வதில்லை, உடம்பைத்தான் சொல்கிறார்கள் என்று என்னிடம் வியந்து சொல்வாள். அதை வைத்து ஒரு சிறிய கட்டுரை எழுதி வெளி மாநிலத்தில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பினாள். அங்கே கோடைகால உதவியாளராக எடுத்துக்கொண்டார்கள். நன்றாகச் செய்தால் அங்கேயே முதுகலைக்கும் வழி உண்டு. எங்களுக்கு வாசல் திறந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரே ஒரு நிபந்தனை: இறுதியாண்டில் எந்தத் தாளும் தேறாமல் நிற்கக் கூடாது.

ஆக, அன்று காலை ஏழு நாற்பதுக்குக் கையை விட்டுப் போனது என் தம்பி மட்டுமல்ல.

நான் முதலில் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற அதிகாரியிடம் போனேன். அவருடைய பேரனுக்கு வருடம் முழுக்கக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர் ஈசி சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் வர்றதுல ஒண்ணும் இல்லம்மா" என்றார். "நான் கிறுக்கன்னு முடிவு வந்துச்சுன்னா பென்ஷன நிறுத்திட்டான்னா என்ன பண்ண?"

"அப்படியெல்லாம் எதுவும் இல்ல சார். பேரக்கூட எழுத மாட்டாங்க."

"சும்மா சொன்னேன்." அவர் நன்றாகச் சிரித்தார். பிறகு பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். ஒங்க புள்ளைக்குப் படிச்சு முடிச்சதும் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில வேலையா, அட்மிஷனா?" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார்.

மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு விளாங்குடியிலிருந்து கிளம்பினேன். பங்குனி வெயிலில் அந்த நேரத்துக்கே கண் கூசியது. ஒவ்வொரு சிக்னலிலும் பக்கத்தில் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்தேன். இவருக்கு வாசிக்கத் தெரியுமா, இவருக்கு ஒரு மணி நேரம் இருக்குமா என்று எண்ணிக்கொண்டே போனேன். அதற்கு முன்னால் மனிதர்களை அப்படிப் பார்த்ததில்லை.

கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கேட்டேன். "அக்கா, என்னைய ஒரு வாரத்துக்கு முன்னாடியே புக் பண்ணிட்டாங்கக்கா" என்றார் பெருமையாக. "ரெண்டு பேருக்கு உக்காரக் கூடாதாம்ல? இல்லன்னா வந்திருவேன்." டீக்கடையில் நின்ற ஒரு இளைஞன் நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாப் பேசுறீங்கம்மா. என்ன பாலிசி இது?" என்றான். அவன் நண்பர்கள் சிரித்தார்கள்.

பஸ் நிறுத்தத்தில் கழுத்தில் அலுவலக அட்டை தொங்க ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். முகம் பார்க்க நல்ல மாதிரியாக இருந்தது. பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்: ஒரு மணி நேரம்தான், சைக்காலஜி மாணவிக்கு உதவி, சில கேள்விகள். கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்தது.

"யாரு ஒங்கள அனுப்புனது?" என்றாள். "எங்க மாமியாரா?"

"இல்லம்மா, நான் வந்து..."

"அவரா? என்னையக் கிறுக்கச்சின்னு எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாரா? நான் இங்கதான் பஸ் ஏறுவேன்னு அவர்தான் சொன்னாரா?" அவள் பையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். வந்த முதல் பேருந்தில், அது எங்கே போகிறது என்று பார்க்காமலே ஏறிக்கொண்டாள். மகள் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "போதும்மா" என்றாள். "பாவம், ஆளுகள பயமுறுத்தாத."

மேலே ஆய்வகத்துக்கு வெளியே வராந்தாவில் சப்ஜெக்டுகள் எல்லாம் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். விடுதிச் சமையல்காரம்மா, யாரோ ஒருத்தியின் அத்தை, ஜெராக்ஸ் கடைக்காரர். "எனக்குக் கண்ணாடியப் பாத்து நட்சத்திரம் வரையிற டெஸ்ட்டு வரணும், அதுல நான் கில்லாடி" என்று அவர் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். கடைசி பெஞ்சில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். மகளோடு படிக்கும் ஒரு பெண்ணின் வீட்டுக் கார் டிரைவர். அவர் சப்ஜெக்ட் இல்லை என்றும், அந்தப் பெண்ணுக்கு அவளுடைய சித்தி சப்ஜெக்ட் என்றும், சித்திக்குத் திடீரென்று ஏதாவது ஆகிவிட்டால் என்று இவரையும் கூட்டிவந்திருக்கிறார்கள் என்றும் மகள் சொன்னாள். ஸ்டெப்னி.

நான் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் போய்க் கை கூப்பாத குறையாகக் கேட்டேன். அவர் இனிமையாகத்தான் பேசினார். "குடுக்கலாம் டீச்சர், ஏன் குடுக்கக் கூடாது? எங்க பிள்ளைக்கு முடியட்டும். நடுவுல என் தங்கச்சிக்குத் தல சுத்திருச்சுன்னா நாங்க எங்க போறது, சொல்லுங்க?"

"அவங்க நல்லாத்தானே இருக்காங்க."

"ஒங்க தம்பியும் நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்திருப்பாரு?" என்றார். டிரைவர் எங்களைப் பார்க்காமல் பிஸ்கட் உறையை மடித்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்து மாணவிகள் சீட்டெடுக்கப் போனார்கள். வெளித்தேர்வாளர் ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் இரண்டு பேனா. மகளிடம் சப்ஜெக்ட் இல்லை என்று தெரிந்ததும் அவர் கேட்டது வராந்தா வரை கேட்டது. "அப்ப யாருக்கு டெஸ்ட் நடத்தப் போற? இந்தச் சுவத்துக்கா?" துறைத் தலைவி ஏதோ மெல்லச் சொன்னார். பதினொன்றரை வரை நேரம் தந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த இல்லத்தின் நினைவு வந்தது. மகளைக் கேட்காமல் அங்கே பொறுப்பாளராக இருந்த பெண்மணிக்குப் போன் செய்தேன். அங்கே வேலை பார்ப்பவர்கள் யாராவது ஒருவர் உதவ முடியுமா என்று கேட்டேன். வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றேன்.

"ஐயோ, ஒங்க மகளுக்கா? எங்க சமையல் பொறுப்பு பாக்கிறவங்க காய் வாங்க மதுரைக்குத்தான் வந்திருக்காங்க. முன்னாடி டீச்சரா இருந்தவங்க. நேரா அங்க வரச் சொல்லிடுறேன்" என்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். உலகத்தில் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்த சமையல்காரம்மாவிடம் சொன்னேன். அவரும் ஆமாம் என்றார்.

அந்த இல்லத்தில் குணமானவர்களே அங்கே வேலைக்கும் இருந்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. திரும்பிப் போக வீடில்லாதவர்கள் சமையல், தோட்டம், துணி என்று ஆளுக்கொரு பொறுப்பை எடுத்துக்கொள்வார்களாம். பொறுப்பாளரின் கண்ணுக்கு அந்த அம்மா வேலைக்காரர். அதைத் தாண்டி யோசிக்க அவருக்கும் தோன்றவில்லை.

அவகாசம் முடியச் சற்று முன்னால் அவர் படியேறி வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. நரைத்த தலையை இழுத்து வாரியிருந்தார். ஒரு கையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த பெரிய பை. "டீச்சர் நீங்கதானா? அப்படியே புள்ள சாடை" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் ஓடிப்போய் மகளைக் கூப்பிட்டேன்.

அவள் வெளியே வந்து அவரைப் பார்த்ததும் முதலில் முகம் மலர்ந்தது. "அக்கா!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த நொடியே திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை. பிறகு அவரிடம் குனிந்து மெல்லச் சொன்னாள்: "அக்கா, உள்ள என்ன வேல பாக்கிறீங்கன்னு கேப்பாங்க. சமையல்னு மட்டும் சொல்லுங்க, என்ன?"

"சமையல்தான பாக்கிறேன்?"

"ஆமாக்கா. அது போதும். வேற எதுவும் சொல்ல வேணாம்."

அவர் மகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி பாப்பா" என்றார்.

கதவு பாதி திறந்திருந்தது. நான் வெளியே நின்று பார்த்தேன். மேசைக்கு ஒரு பக்கம் அவர் கைகளை மடியில் வைத்து நேராக உட்கார்ந்தார். எதிரில் மகள். தேர்வாளர் நின்றபடியே விவரம் கேட்டார். வயது சொன்னார். படிப்பு, ஆசிரியர் பயிற்சி என்றார். இப்போது சமையல் வேலை என்றார். தேர்வாளர் போகத் திரும்பியவர், ஒப்புக்குக் கேட்பதைப் போல, "மாத்திர மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா?" என்றார்.

"ஆமா சார். காலையில ஒண்ணு, ராத்திரி ரெண்டு."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவள் சொல்லித்தான் எனக்கு இது தெரியும்: அந்த இல்லத்தில் தினமும் மாத்திரை கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். மறைத்தால் எல்லோருக்கும் முன்னால் திட்டு. வருடக்கணக்காக அந்த ஒரு கேள்விக்கு மட்டும் உண்மையைச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். அவரால் வேறு எதை மறைக்க முடிந்தாலும் அதை மறைத்திருக்க முடியாது.

"சுகரா, பி.பி.யா?"

"இல்ல சார். மனசுக்கு."

தேர்வாளர் மகளை வெளியே வரச் சொன்னார். வராந்தாவில், எல்லா சப்ஜெக்டுகளுக்கும் முன்னால், "யாரும்மா இவங்களக் கூட்டிட்டு வந்தது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளிடம் பேசினார். "இவங்க சப்ஜெக்ட் இல்லம்மா, பேஷண்ட். நார்மல் அடல்ட்னு மேனுவல்ல போட்டிருக்கா இல்லையா?"

"சார், அவங்க ரொம்ப வருசமா நல்லா இருக்காங்க. அங்க அம்புட்டு பேருக்கும் அவங்கதான்..."

"நீ டாக்டரா?"

மகள் கதவுப் பக்கம் திரும்பி அந்த அம்மாவைப் பார்த்தாள்.

"மூணு வருசம் சைக்காலஜி படிச்சிருக்க. இம்புட்டுப் பெரிய மதுரையில நார்மலா ஒரு ஆளக் கண்டுபிடிக்க முடியல ஒனக்கு" என்றார். பெஞ்சிலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடித்திருந்தது. "எங்க போயி தேடிருக்கு பாருங்க" என்று துறைத் தலைவியைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். துறைத் தலைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். டிரைவர் சுவரில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பச் சொல்லிக் கேட்க வாயெடுத்தேன். "அது அவங்க ஆளும்மா" என்றாள் மகள்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளில் அவள் வரவில்லை என்றே பதிவானது. மறுதேர்வு அடுத்த பருவத்தில்தான். ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நடந்ததை விளக்கி எழுதினாள். மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்க வாழ்த்து. அவளுக்கு ஒதுக்கிய இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்தார்கள். என் தம்பி மகளுக்குப் பூ வைத்தார்கள். எங்களையும் அழைத்திருந்தார்கள், போனோம். "அடுத்த தடவ மாமா கண்டிப்பா வாரேன் தாயி" என்று அவன் என் மகளுக்குக் கேசரி வைத்தான். அவள் சாப்பிட்டாள். இப்போது அவள் ஒரு ஜவுளிக்கடையில் வாடிக்கையாளர் குறை கேட்கும் மேசையில் உட்காருகிறாள். படித்ததற்கு ஏற்ற வேலைதானே என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

அன்று வராந்தாவில் அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "என்னைய ஒரு வார்த்த கேட்டுட்டு அங்க போன் பண்ணிருக்கலாம்லம்மா?" பிறகு பையை எடுத்துக்கொண்டு மற்றொரு படிக்கட்டு வழியாக இறங்கிப் போனாள். உள்ளே நாற்காலியில் இன்னும் நேராக உட்கார்ந்திருந்தவரை எழுப்பி அழைத்துவரும் வேலை எனக்கு வந்தது. போகலாம் என்றதும் "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் படியிறங்கினார்.

வாசலில் பஸ்ஸுக்காக நின்றோம். பையை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். தரவில்லை.

"பாப்பா எங்க?" என்றார்.

"ஆபீஸ் ரூம்ல ஒரு கையெழுத்துப் போடப் போயிருக்கா."

"அந்தப் பக்கத்துக் கேட் வழியாப் போனத ஜன்னல்ல பாத்தேன் டீச்சர்."

நான் மன்னிக்கச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை, நிறையச் சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பார்வையைத் திருப்பாமலே பேசினார்.

"லீவு பூரா எங்க கூடத்தான் இருந்துச்சு. நான் அழுதா எழுதுச்சு, சிரிச்சா எழுதுச்சு. நெஞ்சுக்குள்ள ஈரத்துணி கெடக்குன்னேன், அத ரெண்டு தடவ சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதிக்கிருச்சு. குத்தம் சொல்லல, கேட்டுட்டுத்தான் எழுதுச்சு. அதெல்லாம் செல்லுச்சு. அதுக்கு சர்டிபிகேட்டுக் குடுத்தாங்க. இன்னைக்கு ஒரு நா, அம்புட்டு பேரு சோத்த விட்டுட்டு நான் வந்து உக்காந்தா, அது மட்டும் செல்லாதாக்கும்?"

பஸ் வந்தது. கூட்டம் முண்டியது. பையை முன்னால் தள்ளிவிட்டு அவர் படியில் காலை வைத்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"அந்த சார்கிட்டச் சொல்லிருங்க" என்றார். "எனக்குப் பரீட்சையே வைக்கல. வைக்காமயே பெயில்னுட்டாரு."